அட்டைச் சட்டையில் வந்த கவிதை

1916 ஜூன் 23. சூரிக் நகரம், ஸ்பீகல்காஸ்ஸே தெரு, 1ஆம் எண் கட்டடம். கபரே வால்டேர் என்ற சின்ன மேடையில் விளக்கை அணைத்துவிட்டு கவிஞர் ஹூகோ பாலைத் தூக்கிவந்து நிறுத்தினார்கள். நடக்கவே முடியாத வேஷம் அது. இடுப்புவரை பளபளக்கும் நீல அட்டைக் குழல்கள். உள்ளே சிவப்பும் வெளியே பொன்னிறமுமாக ஒரு பெரிய அட்டைக் காலர். முழங்கையை அசைத்தால் அது சிறகாக அடிக்கும். தலையில் நீலமும் வெள்ளையும் வரிபோட்ட நெட்டைத் தொப்பி. மூன்று பக்கமும் ஸ்டாண்டுகளில் கவிதைத் தாள்கள். அவற்றில் இருந்தவை எந்த மொழிக்கும் சொந்தமில்லாத ஒலிகள்.

பால் ஜெர்மானியர். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் படையில் சேர முயன்றார். உடல்நிலை சரியில்லை என்று சேர்க்கவில்லை. பெல்ஜியத்தில் போரை நேரில் பார்த்ததும் மனம் மாறியது. 1915இல் பாடகி எம்மி ஹென்னிங்ஸுடன், போரில் சேராத சுவிட்சர்லாந்துக்கு வந்தார். 1916 பிப்ரவரி 5 அன்று இருவரும் கபரேயைத் திறந்தார்கள். அதே மாதம் பிரான்ஸின் வெர்டூனில் படுகொலை தொடங்கியது. பத்திரிகைகள் பாழாக்கிவிட்ட மொழி இனித் தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்த பால், ஒலிகளை மட்டும் வைத்துக் கவிதை கட்டினார்.

அன்றிரவு நிதானமாகத்தான் தொடங்கினார். போகப்போக அவர் குரல் தேவாலயப் பாதிரியாரின் பழைய ஓதலாக மாறியது. வியர்வையில் நனைந்தவரை இருட்டில் மீண்டும் தூக்கிச் சென்றார்கள். கொஞ்ச நாளில் பால், அந்தக் கபரேயில் பிறந்த 'தாதா' என்ற கலை இயக்கத்தையே விட்டு விலகினார். கவிதைகள் நிற்கவில்லை. அவற்றில் யானைக் கூட்டத்தைப் பற்றியது, 1920இல் அந்த இயக்கத்தின் ஹூல்ஸன்பெக் பெர்லினில் தொகுத்த 'தாதா அல்மனாக்' நூலில் வரிக்கு ஒரு எழுத்துருவாக அச்சேறியது. 1979இல் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவின் யோசனைப்படி, நியூயார்க்கின் டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழு அன்றிரவின் முதல் கவிதையை ஆப்பிரிக்கத் தாளத்தில் 'ஐ ஸிம்ப்ரா' என்று பாடியது. 1927இலேயே காலமான பாலின் பெயரும் பாடலாசிரியர் வரிசையில் இடம்பெற்றது.

தில்லானாவும் ஜதியும் கேட்டு வளர்ந்த நமக்குப் பொருளற்ற அசைகள் புதிதல்ல. ஆனால் அவற்றுக்குத் தாளமும் மரபும் துணை உண்டு. பாலுக்கு அந்தத் துணை இல்லை; தன் தொண்டையை மட்டும் நம்பி மேடையேறினார். இதைப் பிதற்றல் என்பவர்கள் உண்டு. போருக்குத் தன் நாக்கை வாடகைக்கு விட மறுத்த மனிதனின் பேச்சு என்றே நான் சொல்வேன். கொலைக்குக் கொடிபிடிக்கும் அழகான வாக்கியத்தைவிட, ஒன்றும் சொல்லாத ஒலி ஆயிரம் மடங்கு நேர்மையானது.