கொழுந்தின் கணக்கு

தேயிலை இங்கிலாந்துக்கு வியாபாரச் சரக்காக மட்டும் போகவில்லை, பரிசாகவும் போனது. 1664-இல் கிழக்கிந்தியக் கும்பினி, அரசர் இரண்டாம் சார்லஸுக்கு 2 பவுண்டு 2 அவுன்ஸ் தேயிலையை அன்பளிப்பாகக் கொடுத்தது. நம் கணக்கில் ஒரு கிலோவுக்கும் குறைவு. போர்ச்சுகலிலிருந்து வந்த அவருடைய அரசி கேத்தரின்தான் தேநீர்ப் பழக்கத்தை அரசவையில் பரப்பியவர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தப் பரிசின் எடை நமக்குத் தெரியும். கொடுத்தவர், வாங்கியவர் பெயரும் தெரியும். சீனத்து மலையில் அதைப் பறித்தவர் யார் என்பது மட்டும் கணக்கில் இல்லை.

பரிசுத் தேயிலையின் வரலாற்றை நான் இந்த விடுபடலிலிருந்துதான் படிக்கத் தொடங்கினேன். பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் இன்று நாம் வாங்கும் அழகான தகர டப்பாவிலும் அது தொடர்கிறது. பல டப்பாக்களின் மேல் கூடை சுமந்த பெண்ணின் படம் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய கூலி எவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் அச்சிட்டிருக்காது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை விலை கூடிய பொருள். வசதியுள்ள வீடுகளில் அதைப் பூட்டுள்ள சிறு பெட்டியில் வைத்தார்கள். சாவி வீட்டுத் தலைவியிடம் இருந்தது. வாக்குரிமை இல்லாத, மணமானதும் சொத்துரிமையையும் இழந்த பெண்ணுக்கு அந்தச் சாவி ஓர் அதிகாரம்தான். ஆனால் அந்த அதிகாரம் யாரிடம் செல்லுபடியானது? கணவனிடம் அல்ல, அடுப்படியில் நின்ற பணிப்பெண்ணிடம்.

தேநீரை மறுத்தும் பெண்கள் அரசியல் செய்திருக்கிறார்கள். 1774 அக்டோபரில் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், பிரித்தானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் தீர்மானத்தில் 51 பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டார்கள். லண்டனில் அவர்களைப் பரிகசித்துக் கேலிச்சித்திரம் வெளிவந்தது. அந்தப் புறக்கணிப்புக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் ராஸ்பெர்ரி இலையையும் புதினாவையும் வேறு பல செடிகளையும் வெந்நீரில் ஊறவைத்துக் குடித்தார்கள். அதற்கு 'விடுதலைத் தேநீர்' என்று பெயர். இன்று பரிசுப் பெட்டியில் பட்டு நாடா கட்டி வரும் மூலிகைத் தேநீருக்கு இப்படியும் ஒரு முன்கதை உண்டு. அதே ஈடன்டனில்தான் 1813-இல் ஹாரியட் ஜேக்கப்ஸ் அடிமையாகப் பிறந்தார். பின்னாளில் தன் அடிமை வாழ்வைத் தன் கையாலேயே எழுதினார். கையெழுத்திட்ட பெண்களின் துணிவை நான் மதிக்கிறேன். அவர்களுடைய ஊரில் கையெழுத்திட உரிமையே இல்லாத பெண்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்குள் தேயிலை வந்த வழி வேறு. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் மலையகமெங்கும் தேயிலை பரவியது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆள் வந்தால் போதும். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். எனவே தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு தங்கும் ஆள்கள் தேவைப்பட்டார்கள், பெண்கள் தேவைப்பட்டார்கள். கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்களைக் கடனில் மாட்டி அழைத்துப்போனார்கள். என் அம்மாயியின் முன்னோர் அப்படிப் போனவர்கள்.

கொழுந்து பறிப்பது ஏன் பெண்ணின் வேலையானது? மென்மையான விரல்கள், இயல்பான பொறுமை என்று காரணம் சொன்னார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கசங்காமல், முற்றிய இலை சேராமல், ஒரு நாளில் பல ஆயிரம் முறை கிள்ளுவது பழகித் தேர்ந்த தொழில்திறன். அதைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் திறனுக்குக் கூலி தரவேண்டியதில்லை. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலையகத் தோட்டங்களில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், குழந்தைக்கு 32 சதம். இலங்கைத் தோட்டங்களில் ஆணும் பெண்ணும் சமக்கூலி பெற 1984 ஆனது.

அதற்குள் அம்மாயி அங்கே இல்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அவர்களில் ஒருவராகக் கோத்தகிரிப் பக்கம் வந்து, மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார் அம்மாயி. அக்கரையிலும் இக்கரையிலும் லயத்தில் அவர் குடித்தது தூள்தான். தான் பறித்த கொழுந்து முழு இலையாக உலர்ந்து எப்படி இருக்கும் என்று அவர் கடைசிவரை குடித்துப் பார்த்ததில்லை.

இந்தப் பிரிவினை தொழிற்சாலைச் சல்லடையில் நடக்கிறது. கொழுந்தை வாட்டி, சுருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்தியபின் சலித்துப் பிரிப்பார்கள். முழு இலைக்கு 'ஆரஞ்சு பெக்கோ' என்று பெயர். அதற்கும் ஆரஞ்சுப் பழச் சுவைக்கும் தொடர்பில்லை, அது இலையின் தரப்பெயர். அடுத்தது உடைந்த இலை. கடைசியில் சல்லடைக்கு அடியில் விழுவது டஸ்ட். நம் டீக்கடைகளில் கொதிப்பதும் பெரும்பாலும் தூள் வகைதான். பாலுக்கும் சர்க்கரைக்கும் அதன் கடுமை பொருந்தும், அதில் குறைவொன்றும் இல்லை. முழு இலை யாருக்குப் போயிற்று என்பதுதான் கேள்வி.

2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள் இந்தக் கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, பெரும்பாலும் தமிழ் பேசும் அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். 20 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றார்கள். கூலி பின்னர் 301 ரூபாயானது. அவர்கள் கேட்டது 500.

நான் இன்றும் தேயிலையைப் பரிசாகக் கொடுக்கிறேன். வாங்கும்போது டப்பாவின் அழகைக் கடைசியில்தான் பார்க்கிறேன். தோட்டத்தின் பெயர், பறித்த பருவம், இலையின் தரம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுவேன். பெயர் இருந்தால்தான் அங்கே கூலி என்ன, பிள்ளைக் காப்பகம் இருக்கிறதா என்று கேட்க முடியும். தேநீரால் தூக்கம் கெடும் என்பவர்களுக்குச் சுக்கும் மல்லியும் தட்டிப் பொட்டலம் கட்டுவேன். அதில் தேயிலை ஓர் இழையும் இல்லை.

உள்ளே ஒரு சீட்டு வைப்பேன். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், ஆகவே இந்த 100 கிராமுக்குப் பின்னால் ஒரு பெண் கிள்ளிய ஏறக்குறைய 450 கிராம் கொழுந்து இருக்கிறது என்று எழுதுவேன். கீழே செய்முறை: ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. கறுப்புத் தேயிலைக்குக் கொதித்த நீர், மூன்று நான்கு நிமிடம். பச்சைத் தேயிலைக்குக் கொதி அடங்கிய நீர், இரண்டு நிமிடம். சுக்குமல்லியை மட்டும் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். இலையை அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், மூடி வைத்தால் போதும். வடித்தபின் இலையைக் கொட்டிவிடாதீர்கள், இன்னொரு தடவை சாயம் இறங்கும்.