மாநிலப் புதைபடிவம் எங்கே?

மாநில விலங்கு வரையாடு, மலர் செங்காந்தள். 2019ல் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒன்றை அறிவித்துவிட்டார்கள். புதைபடிவத்துக்கு? ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் 1967லேயே மாமூத் யானையைத் தன் சின்னமாக்கிக்கொண்டது.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் தேடிப் பயனில்லை. இங்கிருப்பது பூமிக்கடியில் வெந்து உருமாறிய பழம்பாறை. அதில் உயிர்த்தடம் தங்காது. (ஏற்காட்டில் சிப்பி தேடாதீர்கள்!)

ஆனால் பக்கத்து பெரம்பலூர் மாவட்டத்தின் ஒரு பகுதி ஒரு காலத்தில் கடல். அதில் அடித்து வரப்பட்ட மரம் ஒன்று மணலில் புதைந்து கல்லாகி, இன்றும் சாத்தனூரில் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி வருடம். 1940ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டு சொன்னார். மத்திய அரசின் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாகவும் அறிவித்துவிட்டது. வணிகவியல் பாஷையில், கையில் இருக்கும் சொத்தை மாநிலம் இன்னும் கணக்கில் ஏற்றவில்லை. என் ஓட்டு சாத்தனூருக்குத்தான். உங்களுடையது?