தீப்பெட்டி ஊருக்கு வந்த பேட்டரி

ஓசூரில் தயாராகும் மின்வண்டி 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சேலம், கரூர், மதுரை, விருதுநகர் தாண்டி, சாலை மாறாமலே சாத்தூர் வந்து சேரும். அதன் அடியில் இருக்கும் பேட்டரி வந்த வழிதான் சுற்றுவழி. லித்தியம் சிலியின் அட்டகாமா உப்புநிலத்திலோ, ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கத்திலோ புறப்பட்டிருக்கும். சுத்திகரிப்பது பெரும்பாலும் சீனா. செல் ஆவதும் அநேகமாக அங்கேதான். கப்பலில் வந்த செல்களை இங்கே அடுக்கி, மின்சுற்று பூட்டிப் பெட்டியில் அடைக்கிறார்கள். ‘நம் நாட்டு பேட்டரி’ என்று பெருமைப்படுவதில் பெரும்பங்கு இந்த அடுக்கு வேலைதான்.

மின் ஆட்டோக்களில் இப்போது அதிகம் வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி குட்இனஃபின் குழு இதை வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பெயர்கள் பாதி, நஞ்சுண்டசுவாமி. நோபல் பரிசு 2019இல் குட்இனஃபுக்கு வந்தது. அந்த முதல் இரண்டு பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கோபால்ட், நிக்கல் இரண்டும் இந்த வகை பேட்டரியில் கிடையாது. அதனால் விலை குறைவு, தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. இதில் சேரும் பாஸ்பரஸோ தீப்பெட்டி ஊரான சாத்தூருக்குப் புதிதல்ல. தீப்பெட்டியின் ஓரத்தில் உரசுகிறோமே, அந்தப் பட்டையில் இருப்பதும் பாஸ்பரஸ்தான்.

2010இல் ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரியின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் உலகச் சராசரி 115 டாலர். இடையில் ஒரே ஒரு முறை, 2022இல், விலை நன்றாக ஏறியது. அந்த ஆண்டின் இறுதியில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன் ஆறு லட்சம் யுவானைத் தொடப் போனது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சம் யுவான் அளவுக்குச் சரிந்தது.

மூலப்பொருளின் விலை பேட்டரி விலையை ஆட்டுவதை விளங்கிக்கொள்ள சாத்தூர்க்காரருக்குப் பொருளாதாரப் புத்தகம் தேவையில்லை. தீப்பெட்டி 1995இல் 50 காசு, 2007இல் ஒரு ரூபாய். பிறகு 14 ஆண்டுகள் அதே ஒரு ரூபாய். இயந்திரம் வந்தது, கூலியிலும் லாபத்திலும் பிடித்தம் நடந்தது, விலை மட்டும் அசையவில்லை. 2021இல் மெழுகும் அட்டையும் குளோரேட்டும் சேர்ந்து ஏறின. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்குப் போனதாக உற்பத்தியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். பிழிவதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலையில், டிசம்பர் 1 முதல் பெட்டி இரண்டு ரூபாய் ஆனது.

பேட்டரியும் அந்த இடத்தை நெருங்குகிறது என்றே நினைக்கிறேன். ஆலையைப் பெரிதாக்கி மிச்சம் பிடிக்கும் காலம் முடிய முடிய, மண்ணிலிருந்து எடுக்கும் சரக்குதான் விலை சொல்லும். இன்னும் இறங்கும்; ஆனால் பத்தில் ஒரு பங்காகச் சரிந்த அந்த வேகம் திரும்பாது. நடுவில் துள்ளவும் செய்யும்.

விலையை அடுத்த படி இறக்கக்கூடியது சோடியம் பேட்டரி. அதற்கு லித்தியம் வேண்டாம், உப்பிலிருந்து எடுக்கும் சோடியம் போதும். தூத்துக்குடி உப்பளங்கள் சாத்தூருக்கு எட்டும் தூரம்தான். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. உப்பும் ஆய்வகமும் இருந்தும் இங்கே செல் ஆலை எழவில்லையென்றால் குறை மண்ணில் இல்லை.

சோடியம் பேட்டரி வரும்வரை வாங்குபவரின் கணக்கு வேறு. 9 யூனிட் பேட்டரி 2024இன் உலகச் சராசரிப்படி சுமார் 87,000 ரூபாய். தனியாக மாற்றும்போது விநியோகஸ்தர் லாபமும் கூலியும் அதன்மேல் ஏறும். வண்டியோடு வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம், பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. ஆகவே மின் ஆட்டோ எடுக்கப் போகிறவர்கள் மாதத் தவணையைக் கேட்பதற்கு முன், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், அது முடிந்த பின் மாற்று பேட்டரி என்ன விலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.