ஓய்வு பெற்ற நீதிபதியும் பேசும்படமும்

1931இல் வெளிவந்த ‘தி மில்லியனர்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில், மருத்துவர் சொல்லுக்குப் பணிந்து தொழிலை விட்ட கார் முதலாளி ஒருவர், சும்மா இருக்க மாட்டாமல், பொய்ப்பெயர் பூண்டு, குடும்பத்துக்குச் சொல்லாமல் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பங்காளியாகி உழைக்கிறார். (ஜார்ஜ் ஆர்லிஸுக்காகவே பார்க்கலாம்.) ஏறக்குறைய அதே ஆண்டுகளில், சென்னையில் இதைச் சொந்தப் பெயரிலேயே செய்த ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார்.

பம்மல் சம்பந்த முதலியார் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியாக இருந்து 1928இல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 55. நடிகனைக் கூத்தாடி என்று இகழ்ந்த காலத்தில், 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, படித்தவர்களை அரிதாரம் பூச வைத்தவர் அவர். ஆயினும் சபை நாடகம் கனவான்களின் பொழுதுபோக்கு, பேசும்படமோ வணிகம். முன்னாள் நீதிபதி அதற்குள் நுழைந்ததன் துணிச்சலை நாம் போதிய அளவு எண்ணிப்பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது. 1934இல் ‘சதி சுலோசனா’வை இயக்கினார்; 1936இல் ‘மனோகரா’வில் மன்னர் புருஷோத்தமனாக நடித்தார். ‘பேசும்பட அனுபவங்கள்’ என்று தனி நூலும் எழுதினார்.

1941 டிசம்பரில், அவருடைய ‘சபாபதி’ நாடகம் ஏ.வி. மெய்யப்பன் கையில் படமாகி வந்தது. அசட்டு எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும். சொன்ன வேலையைச் செய்யத் தெரியாத வேலைக்காரனைக் கண்டு ஊர் சிரித்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வயது 68.