வளைவில் கார் சாயுதா? ஸ்வே பார் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திமிரியில் காலையில கிளம்பி, ஆற்காடு வந்து பெங்களூரு ஹைவேயைப் பிடிச்சு, ஆம்பூர்ல பிரியாணியை முடிச்சுட்டு ஏலகிரி ஏறுறது நம்ம ஏரியா பசங்களோட ஃபேவரைட் ட்ரிப். ஹைவே வரைக்கும் கார் தங்கமா வரும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிச்சதும்தான் பிரச்னை. பின் சீட்டில் இருப்பவர்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்வார்கள். உடனே ஒரு நண்பர், “மச்சி, தடியான ஸ்வே பார் போடு, வண்டி சாயவே சாயாது” என்பார்.

அவர் சொல்றது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் மாத்தினால் பணமும் போகும், மழை நாளில் வண்டியின் கட்டுப்பாடும் போகும்.

ஸ்வே பார் என்ன பண்ணுது?

ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார்னு மெக்கானிக் ஷெட்டில் சொல்வதும் இதைத்தான். ‘ப’ எழுத்து மாதிரி வளைந்த எஃகுக் கம்பி. நடுப்பகுதியை ரப்பர் புஷ் வைத்து காரின் அடிப்பகுதியில் பிடித்திருப்பார்கள். இரண்டு முனைகளும் லிங்க் வழியாக இடது, வலது சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். 1919-லேயே கனடாவில் ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்ட பழைய ஐடியா இது.

ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒண்ணா ஏறினால் கம்பி சும்மா உருளும், அவ்வளவுதான். வளைவில் வெளிப்பக்க சஸ்பென்ஷன் அமுங்கி, உள்பக்கம் நீளும்போதுதான் கம்பி முறுக்கப்படும். அந்த முறுக்கை எதிர்த்து அது தள்ளுவதால் வண்டி சாய்வது குறையுது.

இங்கேதான் பலரும் ஏமாறுறாங்க. ஸ்வே பார் சாய்வைக் குறைக்குமே தவிர, டயரின் பிடிமானத்தைக் கூட்டாது. உள்பக்கச் சக்கரத்தின் பாரத்தை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏற்றும் வேலைதான் அது.

2 மி.மீ. தானேன்னு நினைக்காதீங்க!

கம்பியின் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப ஏறும். 20 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 22 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 46 சதவிகிதம் கூடும். 24 மி.மீ. போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டிடும்.

விறைப்பு கூடினால் நம்ம ஊர் ரோட்டில் அதுக்கு ஒரு விலை உண்டு. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினாலும், அந்த அதிர்வைக் கம்பி மறுபக்கத்துக்கும் கடத்தும். ஊருக்குள்ள தினமும் ஓட்டும்போது உடம்பு பக்கவாட்டில் ஆடிக்கிட்டே இருக்கும். ஜீப் ராங்ளர் ரூபிகானில் கரடுமுரடான பாதைக்காக முன்பக்க ஸ்வே பாரை ஒரு பட்டனில் துண்டிக்கும் வசதியே வச்சிருக்காங்க.

முன்னாடியா, பின்னாடியா?

நம்ம ஊர் சின்ன கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கும். வேகமாகத் திருப்பினால் ஸ்டீயரிங் சொல்ற அளவுக்குத் திரும்பாமல், மூக்கு வெளியே ஓடும். முன்பக்கம் மட்டும் தடியான பார் போட்டால் சாய்வு குறையும். ஆனால், இந்தக் குணம் இன்னும் கூடும்.

பின்பக்க விறைப்பைக் கூட்டினால் மூக்கு நல்லா திரும்பும். ஆனா அளவு மீறினால், ஈர ரோட்டில் வால் வீசும். ஐப்பசி மழையில் மலை இறங்கும்போது அது ரொம்ப ஆபத்து. பல கார்களில் பின்பக்க டார்ஷன் பீமே ஸ்வே பார் வேலையையும் சேர்த்துச் செய்யுது. தனி பாரே இல்லையேன்னு பதற வேண்டாம்.

முதலில் இதைச் செக் பண்ணுங்க

புதுசா இருந்தப்ப சாயாத வண்டி இப்போ சாயுதுன்னா, கம்பி மெலிந்துவிடவில்லை. வேறு ஏதோ தேய்ந்திருக்கு.

* லிங்க்: மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் ‘டக் டக்’னு சத்தம் வருதா? லிங்க் முனையில் ரப்பர் கவர் கிழிந்திருக்கான்னு பாருங்க. மாத்தினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.
* புஷ்: வெடிச்சோ, தளர்ந்தோ போயிருந்தால் கம்பி முறுக்கப்படுவதற்கு முன்பே ஆடும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும்.
* ஷாக் அப்சார்பர்: எண்ணெய் கசிஞ்ச தடம் இருக்கக் கூடாது.
* டயர்: காடிகளுக்குள் இருக்கும் 1.6 மி.மீ. தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டால் மாத்தியே ஆகணும். காத்து அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும்.
* கேரியர்: மேலே லக்கேஜ் ஏத்தினால் எந்தக் காரும் கூடுதலாகச் சாயும். கனமானதைக் கீழே வையுங்க.

மாருதி 800 மாதிரி பழைய வண்டி வச்சிருக்கீங்களா? அதில் முன்பக்க ஸ்வே பார்தான் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்குது. புஷ் போனால் சக்கரமே இடம் மாறும். கை வச்சதும் வீல் அலைன்மென்ட் பார்க்கணும்.

அப்பவும் மாத்தணும்னா..?

உங்க மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே தடியான பார் கொடுக்குதான்னு விசாரிங்க. இருந்தால் அது பொருந்துமான்னு சர்வீஸ் சென்டரில் கேட்டுட்டுப் போடுங்க. வெல்டு வச்ச கம்பி வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வச்சுக் கழட்டவும் விடாதீங்க. கம்பி முறுக்கிக்கிட்டு நிக்கும். போல்ட்டைத் தளர்த்தினதும் சட்டுனு துள்ளும். இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கணும்.

சட்டத்தையும் மறக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாத்தக் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமேன்னு 182ஏ பிரிவு சொல்லுது. வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கோங்க.

எந்தக் கம்பி போட்டாலும், வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைக்கிறது உங்க கால்தான். அடுத்த முறை ஏலகிரி பிளான் போடும்போது, முந்தின நாளே ஷெட்டுக்குப் போய் லிங்க், புஷ், டயர் மூணையும் பார்த்துடுங்க. புது பாருக்கு எடுத்து வச்ச பணம் அநேகமா மிச்சமாகும்.