வயலை விட்டுக் கிளம்பிய சொற்கள்

தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவரின் சட்டைப் பையில் இருக்கிற சீசன் டிக்கெட்டுக்கும் விதைப்புக்கும் உறவு உண்டு. லத்தீனில் ‘ஸத்தியோ’ என்றால் விதைத்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சீசன்’ ஆயிற்று. விதைக்கிற பருவத்தை மட்டும் குறித்த சொல், போகப் போக எந்தப் பருவத்துக்கும் பொதுவாகி, குற்றாலச் சாரல் வரைக்கும் வந்துவிட்டது.

விதையைக் குறிக்கும் ‘சீட்’, விதைப்பதைக் குறிக்கும் ‘சோ’, இந்தச் ‘சீசன்’, நம் கல்லூரிகளின் ‘செமினார்’ ஆகிய நான்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால் இரண்டு வழிகளில் வந்தவை. முதல் இரண்டும் ஜெர்மானியக் குடியானவர்களின் பேச்சு. மற்ற இரண்டும் லத்தீன் படித்தவர்களின் சொத்து. ஆங்கிலத்தில் மண்வாசனை மாறாத விதைப்புச் சொற்கள் பெரும்பாலும் முதல் வகை. பட்டணம் போய்ப் பதவிக்கு வந்தவை பெரும்பாலும் இரண்டாம் வகை.

‘செமினேரியம்’ என்பது லத்தீனில் நாற்றங்கால். ஒவ்வொரு மறைமாவட்டமும் சிறுவர்களைக் குருத்துவத்துக்குப் பயிற்றுவிக்க வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டது. அப்படி எழுந்த குருமடங்களுக்கு ‘செமினரி’ என்ற பெயர் நிலைத்தது. பின்னர் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பேராசிரியரைச் சுற்றி உட்கார்ந்து ஆராயும் மாணவர் குழு ‘செமினார்’ ஆனது. நாற்று என்றால் பிடுங்கி நட வேண்டும். நம் செமினார்கள் பலவற்றில் அது நாற்றங்காலிலேயே முற்றிவிடுகிறது. ‘ப்ரொபகாண்டா’வின் கதையும் இப்படித்தான். திராட்சைக் கொடியை வளைத்துப் பதியம் போடுவதே அதன் பழைய பொருள். 1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி நம்பிக்கையைப் பரப்ப நிறுவிய திருச்சபைப் பேராயத்தின் பெயரில் அது ஏறியது. அங்கிருந்து அரசியலுக்கு இறங்கிக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

எல்லோரையும் விட அதிக தூரம் போன சொல் மட்டும் லத்தீன் அல்ல. ‘பிராட்’ பழைய ஆங்கிலம். வீசுதலைக் குறிக்கும் ‘காஸ்ட்’ வடகடல் நார்ஸ் மக்கள் கொண்டுவந்தது. இரண்டும் சேர்ந்த ‘பிராட்காஸ்ட்’ கைவிதைப்பைக் குறித்தது. இங்கிலாந்தில் விதைப்பவர் தோளில் வார் போட்டு, இடுப்போடு ஒட்டி ஒரு கூடையைத் தொங்கவிட்டுக்கொள்வார். அதன் பெயர் ‘சீட்லிப்’. இந்த ‘லிப்’ உதடு அல்ல. கூடைக்கு உரிய பழஞ்சொல். நடைக்கும் கைவீச்சுக்கும் தாளம் தப்பினால் ஓரிடத்தில் பயிர் நெருக்கும், ஓரிடத்தில் சொட்டை விழும். காற்று அடித்தால் விதை அடுத்தவர் நிலத்துக்கும் போகும்.

இந்த வீண்செலவைச் சகிக்காதவர் ஜெத்ரோ டல். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் நிலம் வைத்திருந்த இந்த வழக்கறிஞர், வரிசையில் விதைக்கச் சொன்னால் கூலியாட்கள் முரண்டு பிடித்ததால், 1701 வாக்கில் தாமே ஒரு பொறி செய்தார். இசையில் பழக்கமுள்ளவர், ஆர்கன் வாத்தியத்தின் உள்ளமைப்பிலிருந்து அதற்கு யோசனை பிடித்தார். பொறி சால் கீறி, அளவாக விதை விட்டு, மண்ணையும் மூடியது. அந்தச் சாலுக்கும் பொறிக்கும் பெயர் ‘டிரில்’. மரத்தைத் துளைக்கும் டிரில் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. விதைக்கும் டிரிலும் அதுவும் ஒரு குடும்பம்தானா என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. சிப்பாய்களின் டிரிலை நாம் கவாத்து என்கிறோம்; தேயிலைச் செடியை வெட்டிவிடுவதும் நமக்குக் கவாத்துதான். படைக்கும் தோட்டத்துக்கும் சொல் பொதுவாவது ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதில்லை.

நேர் சாலின் மேல் உழவனுக்கு உள்ள பிடிவாதம் ‘டெலிரியம்’ என்ற மருத்துவச் சொல்லிலும் இருக்கிறது. ‘லிரா’ உழவில் எழும் வரப்புக் கோடு. அதை விட்டு விலகியவனே சித்தம் கலங்கியவன்.

டல்லின் பொறி பரவப் பரவக் கைவீச்சு ஒதுங்கியது. பெயர் மட்டும் வேலை தேடி அலைந்தது. கம்பியில்லா ஒலி வந்தபோது, இன்னார் காதுக்கு என்று இல்லாமல் நாற்புறமும் வீசுகிற அந்தச் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை. 1922இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி அதையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அதுதான் இன்றைய பிபிசி.

கிரேக்க வழியில் வந்த ஒன்றும் உண்டு. ‘ஸ்பெய்ரோ’ என்றால் விதைக்கிறேன். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், சிதறடிக்கப்படும் யூதர்களைக் குறிக்க அதிலிருந்து பிறந்த ‘டயஸ்போரா’வைக் கையாண்டார்கள். இப்போது ஆர்மீனியர், ஐரிஷ்காரர், ஈழத் தமிழர் எல்லோருக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது. பெரணியின் வித்துத் தூளான ‘ஸ்போர்’ அதன் உடன்பிறப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் நோயை மருத்துவர்கள் ‘ஸ்போராடிக்’ என்பதும் அதே வேரிலிருந்துதான்.