குறித்த நேரத்தில் தானே அழைக்கும் நிரல்: கொழும்பின் பங்கு

குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி பழையது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்களை நிரப்பினால் போதும். ஆனால் கிரானுக்குத் தெரிந்தது நேரம் மட்டுமே. அது ஓட்டும் நிரல் வேறொரு நிறுவனத்தின் இணையச் சேவையை அழைக்க வேண்டுமென்றால், சேவையின் முகவரியையும் அது கேட்கும் உள்ளீட்டையும் தரும் பதிலின் வடிவத்தையும் நிரலர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எதிர்முனையில் ஒரு புலத்தின் பெயர் மாறினால்கூட இரவுப் பணி நின்றுவிடலாம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முனைந்த வரலாற்றில் கொழும்புக்கு முக்கிய இடம் உண்டு. அதை அழுத்தியே சொல்ல வேண்டும்.

2001 மார்ச்சில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட டபிள்யூஎஸ்டிஎல் 1.1 என்னும் விவரண மொழி, ஒரு சேவை தன்னைத் தானே விவரிக்கும் முறையை வகுத்தது. அதை எழுதிய நால்வரில் ஒருவர், அப்போது ஐபிஎம்மில் ஆய்வாளராக இருந்த இலங்கையர் சஞ்சீவ வீரவரண. இந்த விவரணத்தைக் கொண்டு ‘ஸ்டப்’ என்னும் இடைநிரலை உருவாக்கிக் கம்பைல் செய்துகொள்வதே அன்றைய வழக்கம். விவரணம் மாறினால் ஸ்டப்பும் மாற வேண்டும். பழைய சிக்கல் தீரவில்லை, இடம் மாறியது. வீரவரணவும் சகாக்களும் உருவாக்கிய டபிள்யூஎஸ்ஐஎஃப் என்னும் சட்டகம் அந்த வழக்கத்திலிருந்து விலகி, நிரல் ஓடும்போதே விவரணத்தைப் படித்து அழைப்பை அமைத்தது. என் பார்வையில் உண்மையான திருப்பம் இதுதான்.

2004 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த கூட்டத்தில் அப்பாச்சி ஆக்சிஸ்2 என்னும் இணையச் சேவை மென்பொருள் உருவெடுத்தது. 2006 மே மாதம் 1.0 வெளிவந்தது. அதன் ‘சர்வீஸ்கிளையன்ட்’டிடம் விவரணக் கோப்பின் முகவரியையும் சேவை, போர்ட் ஆகியவற்றின் பெயர்களையும் கொடுத்தால், சேவையின் செயல்களை அந்த நேரத்திலேயே அறிந்துகொள்ளும். ஸ்டப் தேவையில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. அனுப்பும் எக்ஸ்எம்எல்லில் பிழை இருந்தால் கம்பைலர் அதைப் பிடிக்காது. பணி ஓடும்போதுதான் தெரியவரும்.

நேரத்தையும் அழைப்பையும் ஒரே இடத்தில் சேர்த்தது அப்பாச்சி சினாப்ஸ் என்னும் இடைமென்பொருள். 2005இல் வீரவரண இணைந்து நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பொறியாளர்கள் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றனர். அதன் ‘டாஸ்க்’ பகுதியில் அனுப்ப வேண்டிய செய்தி, சேருமிடம், இடைவெளி மூன்றையும் எழுதிவைக்கலாம். உள்ளே இயங்கும் குவார்ட்ஸ் என்னும் நேரப்பணி நிரல், கிரானின் ஐந்து இடங்களோடு வினாடிக்கும் ஓர் இடம் தருகிறது.

இந்தச் சேவைகள் பயன்படுத்திய சோப் என்னும் எக்ஸ்எம்எல் செய்திமுறை வழி அழைப்புகள் இன்று பெரிதும் குறைந்துவிட்டன. அவற்றுக்குப் பின்னிருந்த கருத்து நிலைத்திருக்கிறது. கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஒரு வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு மின்சாரம் வழங்குவது சிஇஎஸ்சி. இந்தியாவின் கட்டணம் செலுத்தும் ஏற்பாடான பாரத் பில் பேமென்ட் முறையில் ஒவ்வொரு நிறுவனமும் எந்த எண்ணைக் கேட்கிறது, அதன் நீளம் என்ன, அது கட்டாயமா என்ற விவரங்களைச் செயலி பெற்று, அதற்கேற்பப் படிவத்தை அமைக்கிறது. சென்னை வீட்டுக்கு வேறு படிவம் வரும், நிரல் அதுவேதான். சேவையின் விவரத்தை ஓடும்போது படிக்கும் டபிள்யூஎஸ்ஐஎஃப்பின் வழியே இங்கும் தொடர்வதாக நான் கருதுகிறேன்.

மாதந்தோறும் தானாகப் பணம் கட்டும் ஏற்பாட்டில் கிரான் அறியாத ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அட்டை வழிக் கட்டணங்களுக்கு 2021 அக்டோபர் முதல் இந்திய ரிசர்வ் வங்கி கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அதற்குள் வாடிக்கையாளர் அந்த ஒரு கட்டணத்தை மட்டும் நிறுத்தலாம். கொடுத்த அனுமதியையே திரும்பவும் பெறலாம்.